பையில் பழம் இருக்கா?

போன மாதம் பஸ் பாஸ் புதுப்பிக்க டெப்போவுக்குப் போயிருந்தேன். ஓய்வு பெற்ற கண்டக்டருக்கு அங்கே இரண்டு மரியாதைதான் உண்டு. ஒன்று டீ. இன்னொன்று, "அண்ணே, இன்னும் நல்லாத்தான் இருக்கீங்களா?" என்று சந்தேகத்தோடு ஒரு விசாரிப்பு. இரண்டையும் வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது, புதிதாகச் சேர்ந்த கண்டக்டர் பவித்ரா டூட்டிக்கு வந்தார். ஜன்னலுக்கு அந்தப்பக்கம் டூட்டி கிளார்க் தலையை நிமிர்த்தாமலே கேட்டார்.

"டிக்கெட் மிஷின் இருக்கா?"

"இருக்கு சார்."

"விசில்? பேனா?"

"இருக்கு."

"பையில பழம் இருக்கா?"

"இருக்கு."

"இனிப்பு?"

"இருக்கு சார்."

கிளார்க் தலையாட்டினார். பவித்ரா நேரே என் பெஞ்சுக்கு வந்து உட்கார்ந்து, பையிலிருந்து வாழைப்பழத்தை எடுத்து உரித்துத் தின்ன ஆரம்பித்தார். பாதியில் என்னைப் பார்த்து, "அண்ணே, நீங்க அந்தக் காலத்து ஆளு. இந்தப் பழத்தை எதுக்குக் கேக்குறாக? யாரைக் கேட்டாலும் ரூல்ஸுன்னு சொல்றாகளே ஒழிய வெவரம் சொல்ல மாட்டேங்குறாக" என்றார்.

அந்தப் பழத்துக்கும் இனிப்புக்கும் காரணமானவர்களில் நானும் ஒருவன். இன்னொருவர் எங்கள் பழைய கிளை மேலாளர். மூன்றாவது ஆள் ஒரு காளை. பவித்ராவுக்கு அன்று வண்டி கிளம்பிவிட்டதால் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியை இங்கே எழுதுகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது கொடுத்த பயிற்சி சொற்பம். ஓடுகிற வண்டியில் கம்பியைப் பிடிக்காமல் நிற்கவும், நான்கு பேர் ஒரே நேரத்தில் பேசினால் நான்கையும் காதில் வாங்கவும் சொல்லிக்கொடுத்து அனுப்பிவிட்டார்கள். தோளில் தொங்குகிற பையில் என்ன இருக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அதை எனக்குக் கற்றுக்கொடுத்தது மேகமலை ரூட்.

சின்னமனூரிலிருந்து மேலே ஏறும் அந்த ரோட்டில் அந்தக் காலத்தில் ரோடு என்று சொல்லும்படி இருந்தது கொஞ்சம்தான். எஸ்டேட் லயத்து வீடுகளுக்குப் போகிற பெண்கள் ஏறும்போது ஊர்க்கதை எல்லாம் பேசிக்கொண்டு வருவார்கள். வளைவுகள் ஆரம்பித்தபின் ஒருத்தி திடீரென்று பேச்சை நிறுத்தினால் வாந்தி வரப்போகிறது என்று எனக்குப் புரிந்துவிடும். டிக்கெட்டுக்கு முன்னால் கவரை நீட்டுவேன். முதல் வாரம் கவர் இல்லாமல் போய், என் தொப்பியை ஒரு அம்மாவுக்குக் கொடுக்கும்படி ஆயிற்று. அதற்குப் பிறகு நான் தொப்பி போட்டதே இல்லை.

அப்படி ஒவ்வொன்றாகச் சேர்ந்து என் பைக்கு ஓர் ஒழுங்கு வந்தது. பைக்கு மூன்று அறை. முன்னறையில் ஜனங்கள் வாய்விட்டுக் கேட்கிற சாமான்கள்: சணல் கயிறு, ரப்பர் பேண்டு, சின்ன டார்ச், அப்புறம் ஒரு பொதுக் கண்ணாடி. ஆஸ்பத்திரிச் சீட்டையோ கல்யாணப் பத்திரிகையையோ வைத்துக்கொண்டு கண்ணைச் சுருக்குகிறவர்கள் அதைப் போட்டுப் படித்துவிட்டுத் திருப்பித் தருவார்கள். நடுவறையில் கேட்காமலே கொடுக்க வேண்டியவை: எலுமிச்சம்பழம், கவர், விசிறிக்கொள்ள ஒரு அட்டை. பின்னறை என் இடுப்போடு ஒட்டிக் கிடக்கும். அது கேட்கக் கூச்சப்படுகிறவர்களுக்கு. ஊக்கு, நூல் கோத்த ஊசி, சட்டைப் பட்டன், நாப்கின். பின்னறையை யாருக்காவது திறக்க வேண்டி வந்தால், திறந்து பிடித்துக்கொண்டு நான் ஜன்னலுக்கு வெளியே வயலைப் பார்ப்பேன். எடுத்துக்கொள்கிறவர் எடுத்துக்கொள்வார். என்ன எடுத்தார் என்று எனக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை.

பிறகு என்னைக் கம்பம் – தேனி வண்டிக்கு மாற்றினார்கள். பையும் கூடவே வந்தது. அங்கேதான் காளை சேர்ந்தது.

அந்த ஊரின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் ஊர்க்காரர்கள் கூட்டமாகச் சண்டைக்குக் கிளம்பி வருவார்கள். அங்கே கோயிலுக்கு நேர்ந்துவிட்ட காளை ஒன்று இருந்தது. தம்பிரான் மாடு என்பார்கள். கயிறு கட்டக் கூடாது, அடிக்கக் கூடாது, மேலே இரும்பு படக் கூடாது. ஊர்க்காரர்கள் அதை 'சாமி' என்றும் 'அவரு' என்றும்தான் சொல்வார்கள். எங்கள் முதல் டிரிப் அந்த ஊருக்குள் நுழைந்து திரும்பும்போது அவர் ரோட்டின் நடுவில் நிற்பார். ஹாரன் அடித்தால் படுத்துவிடுவார். படுத்தால் எழுந்திருப்பது அவர் இஷ்டம். நான் பின் படியில் இறங்கி நின்று ஒரு வாழைப்பழத்தை இரண்டு கையாலும் நெஞ்சுயரத்தில் ஏந்தி நீட்டுவேன். வாங்கித் தின்றுவிட்டு ஓரமாகப் போவார். தாழ்த்திப் பிடிப்பதோ கீழே போடுவதோ சாமி குத்தம் என்று பூசாரி முதல் நாளே சொல்லி வைத்திருந்தார்.

இப்படி எல்லாம் ஓடிக்கொண்டிருந்தபோது, கொரோனாவுக்குக் கொஞ்சம் முன்னால், ராசாங்கம் சார் எங்கள் கிளைக்கு மேலாளராக வந்தார். ஆண்டிபட்டிக்காரர். குரல் உயராது. கோபம் வந்தால் இன்னும் மெதுவாகப் பேசுவார். 'என்னய்யா' என்று கூப்பிட்டால் பிரச்சினை இல்லை. 'தம்பி' என்று கூப்பிட்டால் மெமோ தயார் என்று அர்த்தம்.

அவர் கையில் பை கிடையாது. குடை கிடையாது. சட்டைப்பை எப்போதும் தட்டையாக இருக்கும். "மனுசன் கைவீசி நடக்கணும்யா. எதையாவது தூக்கிட்டே திரியுறவனுக்கு உள்ளுக்குள்ள ஒரு பயம் இருக்கு" என்பார். மழை வந்தால் அடுத்தவன் குடைக்குள் நிற்பார். கையெழுத்துப் போட எதிரில் நிற்பவனிடம் கையை நீட்டுவார். பேனா தானாக வந்து உட்காரும். கையெழுத்து முடிந்ததும் பேனா எங்கே போகும் என்று யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. சட்டைப்பை தட்டையாகத்தான் இருக்கும். மூன்று மாதத்தில் டெப்போ முழுவதும் பேனாப் பஞ்சம் வந்துவிட்டது.

ஒருநாள் ரெஸ்ட் ரூமில் கேரம் போர்டு ஆடிக்கொண்டிருந்தோம். ராசாங்கம் சார் வந்தார். என் பையைத் தூக்கி எடை பார்த்தார்.

"தம்பி, இதக் கொஞ்சம் இங்கன கொட்டு" என்றார்.

கேரம் போர்டில் கொட்டினேன். காய்கள் தெரியாமல் போர்டு நிறைந்துவிட்டது. ஒவ்வொன்றாக விரலால் தள்ளிப் பார்த்தார். கண்ணாடி, கயிறு, எலுமிச்சம்பழம் எல்லாம் தாண்டி ஓரிடத்தில் விரல் நின்றது.

"இது யாரு பல்லு?"

யாரோ வண்டியில் விட்டுப்போன பல்செட் அது. மேல்வரிசை. "தெரியாது சார். கேட்டு ரெண்டு பேரு வந்தாக. போட்டுப் பாத்துட்டு, சேரலைன்னு குடுத்துட்டுப் போயிட்டாக."

ராசாங்கம் சார் பல்செட்டை ஒற்றை விரலால் சுண்டினார். அது வழுக்கிக்கொண்டு போய் மூலைக்குழியில் விழுந்தது. பக்கத்தில் இருந்த டிரைவர் அந்தோணி, சிவப்புக் காய் விழுந்தமாதிரி, பழக்கதோஷத்தில் "ஃபாலோ சார்" என்று சொல்லிவிட்டான்.

"இந்தப் பழம்?"

"அது காளைக்கு சார்."

"காளைக்கும் நம்ம டெப்போவுக்கும் என்ன தம்பி ஒட்டு உறவு? இது பஸ்ஸா, பெட்டிக்கடையா?" என்றார், மிக மெதுவாக. சொல்லிக்கொண்டே பழத்தை உரித்து அவரே தின்றுவிட்டார். இரண்டு வாயில் முடித்தார். பிறகு தீர்ப்பு. நாளை முதல் கண்டக்டர் பையில் மிஷின், விசில், பேனா, சில்லறை. வேறு ஒன்றும் இருக்கக் கூடாது. முதல் டிரிப்பில் அவரே வந்து பார்ப்பார். சொல்லிவிட்டு என்னிடம் கையை நீட்டினார். பேனாவைக் கொடுத்தேன். போய்விட்டது.

மறுநாள் காலை என் தோளில் பை காற்றாடிக்கொண்டு தொங்கியது. எனக்கு வேட்டி இல்லாமல் வந்துவிட்ட மாதிரி இருந்தது. ராசாங்கம் சார் முன் சீட்டில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பின் படிக்கு ஒட்டின சீட்டில் முருகேஸ்வரி.

முருகேஸ்வரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏலக்காய் தரம் பிரிக்கிற வேலைக்கு எங்கள் வண்டியில் வருகிற பெண். அரசுத் தேர்வுக்குப் பல வருடமாகப் படித்துக்கொண்டிருந்தார். வண்டியில் புத்தகத்தைத் திறந்து சத்தமாகக் கேள்வி கேட்பார். மொத்த வண்டியும் தப்பாகப் பதில் சொல்லும். சென்ற முறை ஒரே ஒரு மார்க்கில் போயிற்று. அடுத்த முறை எழுத வயது தாண்டிவிடும். அன்றைக்குத் தேனியில் அந்தக் கடைசித் தேர்வு. நேரம் ஆனால் கேட்டைப் பூட்டிவிடுவார்கள், அப்புறம் யார் அழுதாலும் திறக்க மாட்டார்கள். கையில் உள்ளே இருப்பது தெரிகிற பிளாஸ்டிக் கவர், அதில் ஹால் டிக்கெட், கறுப்பு மைப் பேனா ஒன்று. வேறு எதுவும் கொண்டுபோகக் கூடாது என்று விதி. அன்றைக்கு அந்த வண்டியில் ராசாங்கம் சாருக்குப் பிடித்த பயணி அவர் ஒருவர்தான்.

வண்டி ஊருக்குள் திரும்பியது. ரோட்டின் நடுவில் சாமி நின்றார். நான் படியில் இறங்கி இரண்டு கையையும் வெறுமனே காட்டினேன். அவர் என் கையை முகர்ந்தார். பிறகு பையை முகர்ந்தார். பல வருடத்துப் பழ வாசனை பையின் தோலில் ஊறியிருக்குமே! பழம் உள்ளே இருக்கிறது, இவன் ஏய்க்கிறான் என்று அவர் முடிவுகட்டிவிட்டார். நான் பின்வாங்கிப் படி ஏறினேன். அவரும் ஒரு காலைப் படியில் வைத்து, கொம்பைச் சாய்த்துத் தலையை உள்ளே விட்டு, விட்டபின் நிமிர்த்தினார்.

அவ்வளவுதான். ஒரு கொம்பு கைப்பிடிக் கம்பிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டது. இன்னொரு கொம்பு முருகேஸ்வரி சீட்டுக்குக் குறுக்கே தாழ்ப்பாள் போட்டமாதிரி விழுந்தது. தாடை அந்தப் பெண்ணின் மடியில். முருகேஸ்வரியால் எழுந்திருக்கவும் முடியாது, ஜன்னல் பக்கம் நகரவும் முடியாது.

"அண்ணே, எடுங்கண்ணே! நேரமாச்சுண்ணே!"

அந்தோணி என்ஜினை நிறுத்திவிட்டு ஸ்பேனரோடு வந்தான், கம்பியைக் கழற்றலாம் என்று. அதற்குள் பூசாரி வந்துவிட்டார். "ஏலே, இரும்பைக் கீழ போடு! சாமி மேல இரும்பு படலாமா?" கயிறு? மூச்சு விடக் கூடாது. தள்ளலாம் என்றால் நெற்றியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள மட்டும்தான் அனுமதி.

செய்தி பரவி ஊரே திரண்டது. ஒவ்வொருவர் கையிலும் வாழைப்பழம். முன் படி வழியாக ஏறி, வரிசையாக வந்து, இரண்டு கையாலும் உயரமாக ஏந்தி ஊட்டினார்கள். உயரப் பிடிக்கப் பிடிக்க அவர் தலையை இன்னும் நிமிர்த்தினார். நிமிர்த்த நிமிர்த்தக் கொம்பு இன்னும் இறுகியது. இந்த மரியாதையை விட்டுவிட்டுப் பின்னால் போக அவருக்கு என்ன பைத்தியமா? "தாழப் பிடிங்கய்யா, தலையச் சாச்சாத்தான் கொம்பு வெளிய வரும்" என்று நான் கத்தினேன். சாமிக்குத் தாழப் பிடிப்பதா என்று என்னை எல்லாரும் ஒரு மாதிரி பார்த்தார்கள்.

ஒரு அம்மா சூடம் ஏற்றப் போனார். "ஆத்தா, டீசல் வண்டி ஆத்தா!" என்று அந்தோணி அலறி ஊதி அணைத்தான். சூடம் காட்டமுடியாத ஆத்திரத்தில் அந்த அம்மா முருகேஸ்வரி நெற்றியில் குங்குமத்தை அப்பினார். சாமி இத்தனை பேரை விட்டுவிட்டு இவள் மடியில் தலை வைத்திருக்கிறதே, சும்மாவா? அடுத்து வந்தவர் கும்பிட்டுக்கொண்டு, "ஆத்தா, என் மகனுக்கு எப்பக் கல்யாணம் ஆகும்? ஒரு வாக்குச் சொல்லு" என்றார்.

"எனக்கு வாக்கெல்லாம் வராதுங்க! எனக்குப் பரீட்சைங்க!"

"அடுத்த வருசம் எழுதிக்கிரலாம் ஆத்தா."

"அடுத்த வருசம் எனக்கு வயசு இல்லைங்க!" என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் அழ ஆரம்பித்தது. வாக்குத்தான் வந்துவிட்டது என்று நினைத்துக் கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. ஒரு பழம் பையில் இருந்திருந்தால் இவ்வளவும் இல்லை.

ராசாங்கம் சார் அதுவரை முன் சீட்டில் இருந்தார். எழுந்து வந்தார். நிலைமையைப் பார்த்தார். "தம்பி" என்றார். மெமோ. அதுவும் அங்கேயே. கையை நீட்டினார். என் பேனாவை முந்தின நாளே வாங்கிவிட்டார் அல்லவா? பழக்கத்தில் அந்தக் கை முருகேஸ்வரி பக்கம் நீண்டது. அழுதுகொண்டே அந்தப் பெண் கவரிலிருந்து பேனாவைக் கொடுத்துவிட்டது. அரசாங்க வண்டியில் கால்நடை ஏற்றியதற்கும், ஏற்றிய கால்நடைக்கு டிக்கெட் போடாததற்கும் விளக்கம் கேட்டு எழுதிக்கொண்டே அவர் முன் படி வழியாக இறங்கி, வெளியே காளையின் பக்கமாக வந்தார். பின் பாதியைப் பார்த்து எழுத வேண்டுமாம்.

அங்கே நின்றபடியே அவருக்குக் கை நடுங்கியது. சட்டை முழுக்க வியர்வை. பேனாவை எங்கேயோ செருகிக்கொண்டு, இடுப்புக்குள் கையைவிட்டு ஒரு துணிப் பையை இழுத்தார். பேண்ட்டுக்கு உள்பக்கம் தைத்த பை. அந்த நிலையிலும் ஜன்னல் வழியாக நான் அதைப் பார்த்துவிட்டேன். உள்ளே சின்ன சீப்பு, நகவெட்டி, ஊக்கு, டெப்போவின் பேனாக்கள் எல்லாம். என் பையில் பாதி அவர் இடுப்பில் இருந்தது. ஒரு கடலைமிட்டாய்ப் பொட்டலத்தை எடுத்தார். பிரிக்க முடியவில்லை. விரல் சொன்னபடி கேட்கவில்லை. பொட்டலம் கிழிந்து, மிட்டாய் எல்லாம் மெமோவோடு சேர்ந்து காளையின் முன்னங்கால் அருகே மண்ணில் சிதறியது.

சாமிக்கு முன்னால் தின்பண்டம் தரையில்! சாமிக்கு அந்த வருத்தம் எதுவும் இல்லை. வெல்ல வாசனை வந்ததும் தலையைச் சாய்த்தார். சாய்த்ததும் கொம்பு கம்பியிலிருந்து எண்ணெய் போட்டமாதிரி கழன்றது. வெளியே போய் மிட்டாயைத் தின்றார். அப்படியே என் மெமோவையும் தின்றார்.

முருகேஸ்வரி எழுந்து பின் படி வழியாகக் குதித்தது. அந்தோணி "ஏறு, ஏறு, கெளம்பலாம்" என்கிறான். அதற்குள் ராசாங்கம் சார் மண்ணில் உட்கார்ந்துவிட்டார். கண் செருகுகிறது. முருகேஸ்வரி ஒரு நொடி வண்டியைப் பார்த்தது, ஒரு நொடி அவரைப் பார்த்தது. "அண்ணே, இது சுகர் எறக்கம். எங்கம்மாவுக்கு இப்படித்தான் வரும்" என்று சொல்லிவிட்டு, சாமிக்கு ஏந்திக்கொண்டு நின்றவர் கையிலிருந்து பழத்தைப் பிடுங்கி உரித்து சார் வாயில் வைத்தது. விழுங்கும்வரை நாடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. நேரம் ஓடுவது தெரிந்தும் அப்படி உட்கார்ந்திருந்த அந்தப் பிள்ளையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கண் கலங்கும்.

"சாமிக்கு வச்ச பழம்ல அது?" என்று கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு.

பூசாரி யோசித்தார். "சாமி இந்த சாரு பண்டத்த எடுத்துக்கிருச்சு. சாரு சாமி பழத்த எடுத்துக்கிட்டாரு. கணக்கு நேர் ஆகிப்போச்சு. வண்டிய எடுங்கப்பா" என்றார்.

ராசாங்கம் சாரைத் தூக்கி என் பக்கத்தில் உட்காரவைத்தோம். வண்டி பறந்தது. சின்னமனூரில் இறங்க வேண்டியவர்களே, "நிறுத்தாத, தேனிக்குப் போ, நாங்க திரும்பி வந்துக்கிறோம்" என்றார்கள். வீரபாண்டி தாண்டும்போது சாருக்குத் தெளிவு வந்தது. என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"சுகர்னு தெரிஞ்சா 'பாவம்'னு சொல்லிருவாகய்யா. அதுக்கப்புறம் என் மெமோவுக்கு எவன் பயப்படுவான்?"

நானும் வெளியே வயலைப் பார்த்தேன்.

தேர்வு மையத்து வாசலிலேயே அந்தோணி வண்டியை நிறுத்தினான். கேட்டை இழுத்துக்கொண்டிருந்தார்கள். முருகேஸ்வரி நெற்றி முழுக்கக் குங்குமத்தோடு ஓடி உள்ளே நுழைந்தது. நுழைந்ததும் கவரைப் பார்த்துத் திகைத்து நின்றது. பேனா இல்லை! வண்டிக்குள்ளிருந்து எல்லாரும் ராசாங்கம் சாரைப் பார்த்தோம். அவர் எழுந்தார். இறங்கி, கேட்டுக்கு ஓடினார். அத்தனை பேர் பார்க்க, நடு ரோட்டில் பேண்ட் இடுப்புக்குள் கைவிட்டு, டெப்போவின் பேனாக்களை மொத்தமாக அள்ளிக் கம்பிக்கு உள்ளே நீட்டினார். "உன்னுது எதும்மா? எடுத்துக்க, எதை வேணும்னாலும் எடுத்துக்க."

முருகேஸ்வரி இப்போது தேவதானப்பட்டியில் ஓர் அரசு அலுவலகத்தில் வேலை பார்க்கிறார். அந்தத் தேர்வில்தான் கிடைத்தது. அந்த ஊர்க்காரர்கள் அது சாமியின் கொம்பு பட்ட பலன் என்கிறார்கள். சிலர் இன்னும் அவர் ஆபீசுக்கே போய் வாக்குக் கேட்கிறார்களாம்.

மறுநாள் டூட்டி ஜன்னலில் கிளார்க் புதிதாக இரண்டு கேள்வி கேட்டார். மேலாளர் உத்தரவு. பழம் இருக்கா, இனிப்பு இருக்கா. பிறகு பைபாஸ் வந்தது. எங்கள் வண்டி அந்த ஊருக்குள் போவதில்லை. கேள்வி மட்டும் நிற்கவில்லை. பழம் எதற்கு என்று பழைய ஆட்கள் சிலருக்காவது தெரியும். இனிப்பு எதற்கு என்று என்னையும் அந்தோணியையும் தவிர டெப்போவில் யாருக்கும் தெரியாது. எழுதலாமா என்று போனவாரம் ராசாங்கம் சாரிடம் போனில் கேட்டேன். "எழுதுய்யா. இப்ப யாருக்குச் சுகர் இல்ல?" என்றார்.

அந்த இனிப்பை மற்ற கண்டக்டர்கள் முன்னறையில் வைத்தார்கள். நான் பின்னறையில் வைத்தேன். அதற்குப் பிறகு ராசாங்கம் சார் என் வண்டியில் வரும்போதெல்லாம் என் பக்கத்தில் வந்து உட்காருவார். நான் பின்னறையைத் திறந்து பிடித்துக்கொண்டு வெளியே வயலைப் பார்ப்பேன். அவர் மறுபக்கம் பார்த்துக்கொண்டே கைவிட்டு எடுத்துக்கொள்வார். இறங்கிப் போகும்போது கைவீசிக்கொண்டுதான் போவார். அவர் போனபின் பார்த்தால், என் பேனாவும் இருக்காது.